தறிச் சத்தத்துக்கு எத்தனை வாட்? சின்ன கிட்டார் ஆம்ப்பின் தொண்ணூறு வருஷக் கதை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

"வீட்ல பழக ஒரு சின்ன கிட்டார் ஆம்ப் வாங்கணும். எத்தனை வாட் வாங்கலாம்?" இந்தக் கேள்வி மாசத்துக்கு ஒரு தடவையாவது மெயிலில் வந்துடும். யூடியூப்பில் இதுக்கு ஆயிரம் பதில் இருக்கு. ஆனா அந்தப் பதில்களைச் சொல்றவங்க யாரும் சோமனூரில் உட்கார்ந்து சொல்லலை. கதவை மூடினா நிசப்தமாகிற, தரையில் கார்ப்பெட் விரிச்ச ரூமில் உட்கார்ந்து சொல்றாங்க. எங்க ஊர்ல பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி ஓடும். அதில் நாடா நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அடிபட்டுப் போய் வரும். மெட்ரோனோம் தனியா வாங்க வேண்டியதில்லைன்னு வேணா சந்தோஷப்பட்டுக்கலாம்.

அதனால இந்த எபிசோடில் மாடல் நம்பர் பட்டியல் கிடையாது. அந்தப் பட்டியல் ஆறு மாசத்தில் பழசாயிடும். இந்தச் சின்னப் பெட்டி எப்படி வந்தது, எதுக்காக வந்தது, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தப் பிரச்சினையைத் தீர்த்ததுன்னு பார்ப்போம். அது புரிஞ்சா கடையில் எதைப் பார்க்கணும்னு தானா தெரியும்.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. வாட் என்பது சத்தத்தின் அளவு இல்லை, மின்சாரத்தின் அளவு. நம்ம காது சத்தத்தை மடக்கைக் கணக்கில்தான் கேட்கும். பவரைப் பத்து மடங்கு ஆக்கினா 10 டெசிபெல் கூடும், காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்குச் சத்தமாத் தெரியும். அப்போ 5 வாட் ஆம்ப்புக்கும் 100 வாட் ஆம்ப்புக்கும் இடையில் இருபது மடங்கு வித்தியாசம் இல்லை. 13 டெசிபெல்தான், அதாவது காதுக்கு இரண்டரை மடங்கு மாதிரி. சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு ஒரு வாட் பவரில் ஒரு மீட்டர் தூரத்தில் 85லிருந்து 90 டெசிபெல் வரை கொடுக்கும். வீட்டில் நிம்மதியா வாசிக்க 70 போதும். 90லிருந்து 70க்கு இறங்கணும்னா பவரை நூறில் ஒரு பங்காக்கணும். ஆக, வீட்டில் நாம நிஜமா செலவழிக்கிறது 0.01 வாட். பத்து வாட்டா இருபது வாட்டான்னு கடைக்காரர்கிட்ட மல்லுக்கட்டுவது இந்த 0.01க்காகத்தான்!

இதே கணக்கைத் தறிப் பக்கம் வச்சுப் பாருங்க. ஓடுற தறிக்கூடத்துக்குள்ளே பொதுவா 95 டெசிபெல்லைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு நம்ம தொழிற்சாலை விதிகள் 90ஐ வரம்பா வைக்குது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 85தான் சொல்லுது, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்லுது. அந்தக் கணக்குப்படி 100 டெசிபெல்லில் இருக்கலாம்கிறது 15 நிமிஷம். நம்ம ஆளுங்க இருக்கிறது ஒரு முழு ஷிஃப்ட். இந்த எண்ணை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

சரி, கதைக்கு வருவோம்.

1920களின் அமெரிக்காவில் ஹவாய் கிட்டார் ஒரு பெரிய மோகம். கிட்டாரை மடியில் படுக்க வச்சு, கம்பிமேல் ஒரு இரும்பை இழுத்து வாசிக்கிற முறை அது. ஒரே ஒரு தொல்லை: டிரம்பெட்டும் டிரம்ஸும் இருக்கிற குழுவில் கிட்டார் கேட்காது. ஜார்ஜ் போஷாம்ப் என்ற ஹவாய் கிட்டார்க்காரர் இதுக்கு ஒரு வழி தேடினார். கம்பிகளுக்குப் பக்கத்தில் காந்தமும் சுருளும் வச்சார். இரும்புக் கம்பி காந்தப்புலத்தில் ஆடினால் சுருளில் மின்னோட்டம் பிறக்கும். அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்ற பட்டறைக்காரரோட சேர்ந்து அதை அலுமினியத்தில் வார்த்தார்கள். வட்டமான உடம்பு, நீளமான கழுத்து. பார்த்தவங்க வச்ச பேரு "வாணலி". 1932ல் அது விற்பனைக்கு வந்தது, கூடவே ஒரு ஆம்ப்பும் வந்தது. காப்புரிமை மட்டும் 1937 ஆகஸ்ட் வரைக்கும் கிடைக்கலை. இது நிஜமா ஒரு இசைக்கருவிதானான்னே அதிகாரிகளுக்குச் சந்தேகம், அதைத் தீர்க்கக் கலைஞர்களை அனுப்பி அலுவலகத்திலேயே வாசிச்சுக் காட்ட வச்சாங்கன்னு ஒரு கதை உண்டு.

அதே 1930களின் தொடக்கத்தில்தான் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. அந்த மின்சாரம் மலையிறங்கி வந்துதான் கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகின. கைத்தறி இருந்த கிராமங்களுக்குப் பின்னாடி விசைத்தறி வந்ததும் அந்தக் கம்பி வழியாத்தான். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை, நான் இழுத்து முடிச்சுப் போடலை. ஆனா ஒரு பக்கம் மின்சாரம் கிட்டாரைச் சத்தமாக்கிக்கிட்டு இருந்தப்போ, இன்னொரு பக்கம் அது ஊரையே சத்தமாக்கிக்கிட்டு இருந்தது. தொண்ணூறு வருஷம் கழிச்சு இரண்டும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கு.

ஹவாய் கிட்டார் இந்தியாவுக்கும் சீக்கிரமே வந்துடுச்சு. டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் குடும்பத்தோட 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசிச்சார், கற்றும் கொடுத்தார். வான் ஷிப்லி எலெக்ட்ரிக் கிட்டாரில் இந்திப் பாட்டு வாசிச்ச இசைத்தட்டுகள் ஒரு காலத்தில் வீடு வீடாகச் சுத்தின.

இப்போ நம்ம கதையின் முக்கியமான மனுஷர் லியோ ஃபெண்டர். கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர். 1938ல் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். கிட்டார் வாசிக்கத் தெரியாது, கடைசிவரை கற்றுக்கவும் இல்லை. உலகத்தையே மாத்தின கிட்டார்களைச் செஞ்சவருக்கு ஒரு கார்டு பிடிக்கத் தெரியாதுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். கம்ப்யூட்டர் கேம் விளையாடத் தெரியாம கேம் எஞ்சின் எழுதுற ஆட்களை நான் பார்த்திருக்கேன்.

ரேடியோக்காரர் என்பதுதான் இங்கே விஷயம். அந்தக் கால கிட்டார் ஆம்ப் என்பது ஸ்டேஷன் பிடிக்கிற பாகத்தை எடுத்துவிட்ட ஒரு வால்வு ரேடியோதான். 1940களின் கடைசியில் ஃபெண்டர் தன் சின்ன ஆம்ப்பை விட்டார். முதலில் "சாம்பியன்" என்ற பேர், அடுத்த சில வருஷத்தில் அது "சாம்ப்" ஆனது. ஏறக்குறைய 5 வாட், ஒரே ஒரு பவர் வால்வு, 1950களின் மாடலில் எட்டு அங்குல ஸ்பீக்கர். திருகுவதற்கு ஒரே ஒரு குமிழ், அதுவும் வால்யூம். பாஸ் கிடையாது, ட்ரெபிள் கிடையாது. கற்றுக்கிற மாணவர்களுக்கான மலிவுச் சரக்கு அது.

அந்தப் பெட்டிமேல ஒட்டியிருந்த மஞ்சள் துணியைப் பத்திச் சொல்லாம போனா எங்க ஊர்க்காரங்க கோவிச்சுக்குவாங்க. உலகமே அதை "ட்வீட்" என்று சொல்லுது. ட்வீட் என்பது ஸ்காட்லாந்துக் கம்பளித் துணி. இது கம்பளியே இல்லை, அச்சு அசலான பருத்தி ட்வில். அந்தக் காலத்துப் பெட்டி படுக்கைகளுக்கு ஒட்டுற துணியை ஆம்ப்புக்கு ஒட்டி வார்னிஷ் அடிச்சாங்க. பாவு, ஊடை, எத்தனை இழை ஏத்தி எத்தனை இழை இறக்கிச் சாய்வுக் கோடு வருதுன்னு எங்க ஊர்ல பத்து வயசுப் பையன்கூடச் சொல்லுவான். முன்னாடி ஸ்பீக்கரை மறைக்கிற துணியும் அப்படித்தான், அடர்த்தி கூடினா ஒலி மங்கும். அதனால இடைவெளி விட்டு நெய்யணும். நூல் கவுன்ட் தெரிஞ்சவங்களுக்கு ஆம்ப்பில் பாதி புரிஞ்ச மாதிரிதான்.

அந்த மாணவர் ஆம்ப்புக்கு ஒரு "குறை" இருந்தது. குமிழைப் பாதிக்கு மேல திருகினா ஒலி கரகரன்னு உடையும். பொறியாளர் மொழியில் சொன்னா, வால்வால் கொடுக்க முடிஞ்ச உச்சத்துக்கு மேல சிக்னல் போகும்போது அலையின் தலை வெட்டுப்படும். தலை வெட்டின அலையில் மூல சுரத்தோட அதன் மடங்குகளும் கலக்கும். காதுக்கு அது தடிப்பா, சூடா, அழுகிற மாதிரி கேட்கும். ரேடியோக்காரருக்கு அது பழுது, கிட்டார்க்காரருக்கு அதுதான் குரல். 1965 வாக்கில் லண்டனில் ஜிம் மார்ஷல் 100 வாட் ஆம்ப்புகளை ஆளுயரத்துக்கு அடுக்கிக்கொடுக்க ஆரம்பிச்சிருந்தார். ஆனா 1970ல் எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் மயாமி ஸ்டுடியோவில் "லைலா" ஆல்பத்தைப் பதிவு பண்ணினப்போ முன்னாடி இருந்தது அந்த மாணவர் சாம்ப்தான். மைக்குக்குப் பெட்டியோட சைஸ் தெரியாது. முழுசாத் திருகின ஐந்து வாட் ரெக்கார்டில் மலை மாதிரி கேட்கும்.

இங்கேதான் வீட்டில் பழகுறவங்களுக்கான சிக்கல் பிறக்குது. நல்ல தொனி வேணும்னா வால்வை உச்சத்தில் ஓட்டணும், உச்சத்தில் ஓட்டினா அந்த ஐந்து வாட்டே தெருவைக் கிளப்பும். தொனியும் சத்தமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடக்கு. இதுக்கப்புறம் வர்ற ஐம்பது வருஷ வரலாறு முழுக்க இந்த இரண்டையும் பிரிச்செடுக்கிற வேலைதான்.

அந்த வரலாற்றுக்குப் போறதுக்கு முன்னாடி நம்ம மெட்ராஸ் பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு வந்துடலாம்.

தமிழ்ப் பாட்டில் கிட்டார் ஒண்ணும் புதுசில்லை. இளையராஜாவே ஜி.கே. வெங்கடேஷ் குழுவில் கிட்டார் வாசிச்சவர், தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை படிச்சவர், 1976ல் "அன்னக்கிளி" வர்றதுக்கு முன்னாடியே கைக்கு கிட்டார் வந்துடுச்சு. ஒரு இடைச்செருகல்: உங்க ஆசை "இளைய நிலா" முன்னிசையை வாசிக்கிறதுதான்னா, இந்த எபிசோடை இங்கேயே நிறுத்திடலாம். அதுக்கு ஒரு அக்குஸ்டிக் கிட்டார் போதும், ஆம்ப்புக்கு வச்ச காசில் நல்ல ஸ்ட்ரிங்ஸ் வாங்கிக்கோங்க.

ஆனா நான் சொல்ல வந்தது இன்னொருத்தரைப் பத்தி. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். பாலகொல்லுவில் 1969ல் பிறந்து, 1980களின் தொடக்கத்தில் சின்னப் பையனா சென்னை சபா மேடைகளுக்கு வந்தவர். மாண்டலினில் ஜோடி ஜோடியா எட்டுக் கம்பி. தட்டின உடனே ஒலி செத்துடும், அதனாலதான் இத்தாலிக்காரங்க அதை நடுக்கி நடுக்கி வாசிப்பாங்க. ஒரு சுரத்தை இழுத்து, அசைச்சு, அடுத்த சுரத்தைத் தொட்டு வரணும்னா ஒலி அவ்வளவு நேரம் உயிரோட இருக்கணுமே! அவர் கையில் இருந்தது ஒற்றைக் கம்பிகள் ஐந்து போட்ட, உள்ளே பொந்தில்லாத எலெக்ட்ரிக் மாண்டலின். அவருக்கு ஆம்ப்ளிஃபயர் சபையின் கடைசி வரிசைக்குக் கேட்கிறதுக்கான கருவி மட்டும் இல்லை. கமகம் சாகாம இருக்கிறதுக்கான கருவி. அதே காலத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிச்ச சுகுமார் பிரசாத்துக்கும் இந்த நீட்டம்தான் வழி திறந்தது. ஆம்ப் வாங்குறப்போ நான் முதலில் பார்க்கிறதும் இதைத்தான். எவ்வளவு சத்தம் வருதுன்னு பார்க்க மாட்டேன். ரொம்பக் குறைச்சு வச்ச நிலையில் ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பார்ப்பேன்.

ஊர்ப்பக்கம் இருந்த நிஜ நிலவரம் வேற. கருமத்தம்பட்டி தேவாலயத்தைச் சுத்தி இருக்கிற எங்க பகுதியில் பாடகர் குழு மூலமாத்தான் நிறையப் பேர் கிட்டாரைத் தொட்டாங்க. ஆம்ப்னு தனியா எதுவும் இல்லை, மைக் செட்காரர்கிட்ட இருக்கிற அஹூஜாதான் ஆம்ப். அதில் சொருகினா கேட்கும், ஆனா நல்லா இருக்காது. அது அஹூஜாவோட தப்பில்லை. அது பேச்சுக்கும் பாட்டுக்கும் செஞ்ச பெட்டி. கிட்டார் பிக்கப்பின் சிக்னல் பலவீனமானது, அதுக்கு ஒரு மெகாஓம் மாதிரி பெரிய மின்மறுப்பு உள்ள இன்புட் வேணும். மைக் இன்புட்டில் சொருகினா உயர் சுரங்கள் மழுங்கிடும். அடுத்தது ஸ்பீக்கர். கிட்டார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கிறதைப் பெரும்பாலும் வெளியே விடாது. அந்த ஊமைத்தனம்தான் உடைஞ்ச அலையின் கூர்மையை வடிகட்டுது. ஹார்ன் வச்ச பெட்டியிலோ ஹோம் தியேட்டரிலோ டிஸ்டார்ஷனை நேரா விட்டா டப்பாவில் அடைச்ச வண்டு மாதிரி இருக்கும். "வீட்லதான் ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கே"ன்னு கேட்கிறவங்களுக்கும் இதே பதில். கூடவே இன்னொண்ணு: சாதாரண ப்ளூடூத்தில் ஒலி 100லிருந்து 200 மில்லிசெகண்ட் தாமதமா வரும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக 3 மில்லிசெகண்ட். அப்போ உங்க கிட்டார் சத்தம் முப்பதிலிருந்து எழுபது மீட்டர் வரை தள்ளி, அடுத்த தெருவிலிருந்து வர்ற மாதிரி. தாளம் பழகவே முடியாது. சின்ன ஆம்ப்புகளில் இருக்கிற ப்ளூடூத் பின்னணிப் பாட்டை ஓடவிடுறதுக்குத்தான், கிட்டாருக்கு இல்லை.

சரி, பிரிவினை வரலாறு.

முதல் ஆயுதம் டிரான்சிஸ்டரும் பேட்டரியும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் "பிக்னோஸ்" வந்தது. டிபன் கேரியர் சைஸில் ஒரு மரப்பெட்டி, ஆறு பென்டார்ச் செல், 5 வாட். வால்யூம் குமிழ் பன்றி மூக்கு மாதிரி இருந்ததால் அந்தப் பேர். டிரெஸ்ஸிங் ரூமில் மேடைக்குப் போறதுக்கு முன்னாடி விரலைச் சூடாக்கிக்கிறதுக்கான சாதனம்தான், ஆனா ஃபிராங்க் ஸப்பா மாதிரி ஆட்கள் அதை ஸ்டுடியோவுக்கே கொண்டுபோனாங்க. கரண்ட் கம்பியை அறுத்துக்கிட்டு ஆம்ப் வெளியே நடந்தது இங்கேதான்.

இரண்டாவது ஆயுதத்தைச் செஞ்சவர் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் ஹீரோ. டாம் ஷோல்ஸ். எம்ஐடியில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிச்சு, போலராய்ட் கேமரா கம்பெனியில் வேலை பார்த்தவர். பகலில் ஆபீஸ், ராத்திரி வீட்டுப் பேஸ்மென்ட்டில் ரெக்கார்டிங். அப்படிப் பெரும்பகுதி அந்தப் பேஸ்மென்ட்டிலேயே செஞ்ச "பாஸ்டன்" குழுவின் முதல் ஆல்பம் 1976ல் வந்து லட்சக்கணக்கில் வித்தது. பணம் வந்ததும் மனுஷர் வாங்கினது மாளிகை இல்லை. 1980ல் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஆரம்பிச்சார். அதோட முதல் சரக்கு "பவர் சோக்": ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து பவரைக் குடிச்சு வெப்பமாக்கிற பெட்டி. ஆம்ப் உச்சத்தில் கதறும், ஸ்பீக்கருக்குக் கொஞ்சம்தான் போகும். தொனி ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்னு நேரடியா வெட்டினது அதுதான். 1982ல் அடுத்த அடி, "ராக்மேன்". பேரைக் கேட்டாலே தெரியும், 1979ல் வந்த சோனி வாக்மேனோட தம்பி. இடுப்பில் மாட்டிக்கிற பெட்டி, பேட்டரி, ஹெட்போன். ஸ்பீக்கரே கிடையாது. உலகத்துக்கு ஒரு சத்தமும் கேட்காது, உங்க காதுக்குள் ஸ்டேடியம். பழகுறதுக்காக வந்த அந்தப் பெட்டியை வச்சே 1987ல் டெஃப் லெப்பர்ட் "ஹிஸ்டீரியா" ஆல்பத்தின் கிட்டார்களைப் பதிவு பண்ணினாங்க. மறுபடியும் அதே கதை. மாணவர் சாமான்னு ஒதுக்கினது ஸ்டுடியோவுக்குள்ளே போகுது.

மூன்றாவது ஆயுதம் எங்க துறை, மென்பொருள். 1998ல் லைன் சிக்ஸ் கம்பெனி அவரைக்கொட்டை வடிவத்தில் "பாட்" என்ற சிவப்புப் பெட்டியை விட்டது. வால்வு ஆம்ப் என்னென்ன செய்யுதுன்னு அளந்து, அதைக் கணக்கா எழுதி, ஒரு சிப்பில் ஓட விடுறது. அலையின் தலை வெட்டுறது இப்போ வெறும் எண் கணக்கு, அதுக்குச் சத்தம் தேவையே இல்லை. 2000களில் ரோலண்டின் மைக்ரோ க்யூப் இதையே 2 வாட், ஐந்து அங்குல ஸ்பீக்கர், ஆறு பென்டார்ச் செல் என்று ஒரு கைப்பிடிப் பெட்டிக்குள் அடைச்சது. 2007ல் வாக்ஸ் ஆம்ப்ப்ளக், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, கிட்டாரிலேயே சொருகி ஹெட்போனை மாட்டிக்கலாம். 2011ல் யமஹா டிஹெச்ஆர்: மேடைக்கு ஒண்ணு, ரிகர்சலுக்கு ஒண்ணு, வீட்டுக்குன்னே மூன்றாவது ஆம்ப்புன்னு சொல்லி வித்தாங்க. என் பார்வையில், குறைஞ்ச சத்தத்துக்கென்றே ஒரு ஆம்ப்பை வடிவமைக்கணும்னு ஒரு பெரிய கம்பெனி ஒப்புக்கொண்ட இடம் அது. அதுவரை சின்ன ஆம்ப் என்பது பெரிய ஆம்ப்பின் ஏழைச் சொந்தக்காரன். அப்புறம் ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ, பாசிட்டிவ் கிரிட் ஸ்பார்க் என்று வரிசை நீண்டுக்கிட்டே போகுது. இன்னைக்கு நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறந்த மூல மென்பொருள் இலவசமாவே கிடைக்குது. லேப்டாப்பும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் இருக்கிறவங்க தனியா ஆம்ப்பே வாங்காம இருக்கலாம், நான் சீரியஸாத்தான் சொல்றேன்.

இப்போ இதையெல்லாம் சோமனூருக்குக் கொண்டுவருவோம்.

பேட்டரியைப் பத்தி யாருக்கும் நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2012ல் கோவை, திருப்பூர் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல கரண்ட் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தறி நிக்கும், ஃபேன் நிக்கும், கூலியும் நிக்கும். அப்போ இன்வெர்ட்டரில் ஆம்ப்பை மாட்டிப் பார்த்தவங்களுக்கு இன்னொண்ணும் தெரியும். மலிவான இன்வெர்ட்டர் கொடுக்கிறது வழவழப்பான அலை இல்லை, சதுர அலை. அது ஆம்ப்புக்குள்ளே நுழைஞ்சு கொர்ர்னு இரையும். பழைய வீடுகளில் எர்த் சரியா இருக்காது. கம்பியைத் தொட்டா இரைச்சல் குறையுது, விட்டா கூடுதுன்னா அது பெரும்பாலும் எர்த் விவகாரம்தான், ஆம்ப்பை மாத்தித் தீராது, முதல்ல எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. பேட்டரியில் ஓடுற ஆம்ப் இந்தக் கம்பி வழி இரைச்சலைத் தவிர்க்கும்.

ஆனா எல்லா இரைச்சலையும் தவிர்க்காது. பக்கத்தில் எட்டு மோட்டார் ஓடினா அதைச் சுத்திக் காந்தப்புலம் இருக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப் அதை அப்படியே வாங்கி 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமாக் கொடுக்கும். கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்ற பொறியாளர் 1955ல் இதுக்கு மருந்து கண்டுபிடிச்சார். இரண்டு சுருளை எதிரெதிரா இணைச்சா ரீங்காரம் தன்னைத்தானே அடிச்சுக்கும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். அதுதான் ஹம்பக்கர். விசைத்தறி ஊரில் கிட்டாரே இனிமேதான் வாங்கப்போறீங்கன்னா ஹம்பக்கர் இருக்கிறதை வாங்குங்க. இதை ஆம்ப் பட்ஜெட்டில் சேர்த்துக் கணக்குப் போடணும். மோட்டார் பக்கம் திரும்பி உட்காராம, தொண்ணூறு டிகிரி திரும்பி உட்கார்ந்தாலும் கொஞ்சம் குறையும், காசு செலவில்லாத வைத்தியம்.

அடுத்தது அக்கம்பக்கம். ஒலி மாசு விதிகள் 2000ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, ராத்திரி பத்துலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபெல். தறி ஓடுற தெருவில் இதைச் சொன்னா சிரிப்பாங்க. ஆனா ஒண்ணு யோசிங்க: நைட் ஷிஃப்ட் ஓட்டினவர் பகலில்தான் தூங்குவார். அவருக்குத் தறிச் சத்தம் தாலாட்டு மாதிரி பழகிப்போச்சு, உங்க தப்புத் தப்பான பென்டடானிக் ஸ்கேல் பழகாது. சீரான சத்தத்தில் காது தூங்கிடும், திக்கித் திக்கி வர்ற சத்தம்தான் எழுப்பும்.

தறி ஓடாத நாளும் உண்டு. 2021 நவம்பரில் பேச்சுவார்த்தையில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம்னு கூலி உயர்வு முடிவாச்சு. அது கைக்கு வரலை. 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்தினாங்க, வாரக்கணக்கில் நின்னது. அந்த மாதிரி நாட்களில் எங்க தெருவில் சுவர்க்கடிகாரம் கேட்கும். அரை வாட் ஆம்ப் நாலு வீடு தள்ளிக் கேட்கும். சாதாரண நாளில் தறிக்கு மேல கேட்கணும்னு ஏங்கின பையன், அன்னைக்கு ஸ்பீக்கரைத் தொடவே மாட்டான். வேலை நின்ன தெருவில் கிட்டார் சத்தம் வர்றது எப்படி இருக்கும்னு அவனுக்கே தெரியும். இந்த ஊருக்கு வாங்குற ஆம்ப்பில் ஹெட்போன் துளை இருந்தே ஆகணும்னு நான் சொல்றதுக்கு டெக்னிக்கல் காரணம் மட்டும் இல்லை.

அந்த ஹெட்போனில்தான் ஆபத்தும் இருக்கு. ஆரம்பத்தில் சொன்ன எண்ணுக்கு இப்போ வருவோம். சுவருக்கு அந்தப் பக்கத் தறிச் சத்தம் உங்க ரூமில் 75ஆ வந்து விழுதுன்னு வைங்க. கிட்டார் தெளிவாக் கேட்கணும்னா ஹெட்போனை அதுக்கு மேல 10, 15 கூட்டுவீங்க. 90 ஆச்சு. 85க்கு எட்டு மணி நேரம்னா, இதுக்கு இரண்டரை மணி நேரம்தான். நீங்களே பகலில் தறி ஓட்டுறவர்னா அன்றைய பங்கு ஏற்கெனவே தீர்ந்து போச்சு. போதாக்குறைக்கு, ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவர் காது சில மணி நேரத்துக்கு மந்தமா இருக்கும், எல்லாமே மெதுவாக் கேட்கிற மாதிரி இருக்கும், கை தானா வால்யூமைக் கூட்டும். இப்படிப் போன செவி திரும்பி வராது. காதுக்குள்ளே இருக்கிற நுண்மயிர்ச் செல்கள் நமக்கு மறுபடி முளைக்காது.

அதனால மத்த ஊர் விமர்சனங்களில் இருந்து நான் விலகுற இடம் இதுதான். அவங்க திறந்த வகை ஹெட்போனைச் சிபாரிசு பண்ணுவாங்க, ஒலி விரிவா இருக்கும்னு. அது நிசப்தமான ரூமுக்கு. நமக்குக் காதை முழுசா மூடுற வகைதான், வெளிச் சத்தத்தை அதுவே 10லிருந்து 20 டெசிபெல் வரை தடுக்கும், அந்த அளவுக்கு வால்யூமைக் குறைக்கலாம். ஆம்ப்பில் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிச்சாவது ஹெட்போனில் போடுங்க. ஷிஃப்ட் முடிஞ்ச உடனே வாசிக்காம, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து காலையில் வாசிங்க.

கடைக்குப் போறப்போ உங்க கிட்டாரையும் உங்க ஹெட்போனையும் எடுத்துக்கிட்டுப் போங்க. கடைக்காரர் தன் பெருமைக்கு ஃபுல் வால்யூமில் வாசிச்சுக் காட்டுவார், காட்டட்டும். அது முடிஞ்சதும் குமிழைக் கடைசிவரை இறக்கி, கேட்கத் தொடங்குற இடத்தில் நிறுத்துங்க. பல மலிவு ஆம்ப்புகளில் குமிழின் முதல் மயிரிழை நகர்விலேயே சத்தம் குதிச்சிடும், அது வீட்டுக்கு ஆகாது. அந்த நிலையில் ஒரே ஒரு சுரத்தைத் தட்டி எத்தனை எண்ணும்வரை நிக்குதுன்னு எண்ணுங்க. அப்புறம் ஹெட்போனைச் சொருகி, கிட்டாரைத் தொடாம பத்து விநாடி சும்மா கேளுங்க. உஸ்ஸ்னு இரையுதா பாருங்க, ஸ்பீக்கரில் தெரியாத இரைச்சல் ஹெட்போனில் தெரியும். போனிலிருந்து பாட்டு விடுற வசதி, பேட்டரி, இந்த இரண்டும் இருக்கணும். இந்தியாவிலேயே விற்கிற ஸ்ட்ரேஞ்சர், பல்கோ மாதிரிப் பெட்டிகளையும் இதே சோதனையில் வச்சுப் பாருங்க, பேரைப் பார்த்துத் தள்ளாதீங்க. கரண்ட் ஆம்ப்தான் வாங்குறீங்கன்னா மூன்று முள் பிளக்கா, எர்த் முள் இருக்கான்னு பாருங்க. வாட் எவ்வளவுன்னு பெட்டியில் போட்டிருக்கும், அதைக் கடைசியில் படிச்சாப் போதும்.

அடுத்த எபிசோடில் கிட்டார் கம்பிகள். 9 கேஜா 10 கேஜான்னு. கவுன்ட் கணக்கு மறுபடியும் வரும்.